பிலாட்டீஸ், கிழிஞ்ச முட்டி, டீச்சர் வேலை: என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்க

நெட்பால் ஆடி முட்டி போய், அப்புறம் பிலாட்டீஸ் பழகி, இப்ப பினாங்குல அதையே சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். கல்யாண வீடு, கோயில், மாமாக் கடை, எங்க போனாலும் இதே பத்து பதினஞ்சு கேள்விதான், வாட்சப்ல வாய்ஸ் மெசேஜாவும் வரும், அதுவும் ராத்திரி பதினொரு மணிக்கு மேலதான் எல்லாருக்கும் முட்டி ஞாபகம் வருது. தனித்தனியா பேசி தொண்டை போனதுனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன். கேட்டவங்க எப்படிக் கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன், யாரும் கோச்சுக்காதீங்க.

"பைலட் கிளாஸ் எடுக்குறியாமே, அது என்னம்மா?"

பைலட் இல்ல பெரியம்மா, பிலாட்டீஸ். ஜோசஃப் பிலாட்டீஸ்னு ஒரு ஜெர்மன்காரர் பேரு அது. படுத்துக்கிட்டு, உக்காந்துக்கிட்டு, மண்டி போட்டுக்கிட்டு, நின்னுக்கிட்டு நிதானமா செய்யுற பயிற்சி. இடுப்பையும் முதுகையும் அசையாம பிடிச்சுக்கிட்டு கை கால நகத்துவோம், இல்லன்னா முதுகெலும்ப சங்கிலி மாதிரி ஒவ்வொரு கண்ணியா தரையில இறக்குவோம். பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், மறுநாள் சிரிச்சா வயிறு வலிக்கும்.

பாய்ல செய்யுறது ஒண்ணு, மெசின்ல செய்யுறது ஒண்ணு. நீங்க இன்ஸ்டாவுல பாக்குற கட்டில் மாதிரி மெசினுக்குப் பேரு ரிஃபார்மர். ஒரு நீளமான சட்டம், அதுக்குள்ள சக்கரம் வெச்ச பலகை முன்னும் பின்னும் ஓடும், அந்தப் பலகைய ஸ்பிரிங் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும். நான் அந்தப் பலகைய வண்டினுதான் சொல்லுவேன், கீழயும் அப்படியே எழுதுறேன்.

"யோகாவுக்கே புதுப் பேரு வெச்சு காசு புடுங்குறாங்கன்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு, நெசமா?"

காசு விஷயம் கீழ வருது. யோகா இல்ல, ஆனா தூரத்து சொந்தம்னு சொல்லலாம். அந்த மனுசன் 1883ல பொறந்தவரு, சின்ன வயசுல ஆஸ்துமா, எலும்பு வளைவு, வாதக் காய்ச்சல்னு ஒரு பாடு பட்டவரு, அதுக்கு வீம்பா ஜிம்னாஸ்டிக்ஸ், பாக்சிங்னு எல்லாத்தையும் பழகினவரு. முதல் உலகப் போர் நேரத்துல இங்கிலாந்துல இருந்ததுனால எதிரி நாட்டுக்காரர்னு பிடிச்சு முகாம்ல அடைச்சிட்டாங்க. அங்கதான் கூட இருந்தவங்களுக்குப் பயிற்சி குடுத்தாரு, படுத்த படுக்கையா இருந்தவங்க கட்டில்ல ஸ்பிரிங்க மாட்டி இழுக்க வெச்சாருன்னு ஒரு கதை உண்டு, இன்னைக்கு மெசின்ல இருக்குற ஸ்பிரிங்குக்கு அதுதான் ஆரம்பம்னு சொல்லுவாங்க.

1926ல நியூயார்க் போனாரு, அங்க அவரும் அவரு துணைவி கிளாராவும் நடத்தின இடத்துக்கு அடிபட்ட டான்ஸருங்க வரிசையா வந்தாங்க. 1945ல அவரு போட்ட புத்தகத்துல பாய்ல செய்யுற 34 பயிற்சி இருக்கு, இன்னைக்கும் எல்லாரும் அதத்தான் அடிப்படையா வெச்சுக்கிறோம். அவரு இதுக்கு வெச்ச பேரு கன்ட்ராலஜி. 1967ல அவரு போனதுக்கு அப்புறம்தான் அவரு பேரே பயிற்சிக்கு நிரந்தரமாச்சு. ஆக, இது ஆரம்பத்துலேர்ந்தே அடிபட்டவங்க, முடியாதவங்க பக்கம் வளந்த விஷயம். நடிகைங்க ஃபோட்டோவெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது.

"உனக்கு என்னதான் ஆச்சு? நல்லாத்தானே ஆடிட்டு இருந்த?"

நல்லாத்தான் ஆடிட்டு இருந்தேன். 2014, எனக்கு இருபத்தாறு வயசு, பட்டர்வொர்த்துல எங்க தாமான் (குடியிருப்பு) பாலாய் ராயா, அதாவது பொது மண்டபம், பக்கத்து கோர்ட்டு, ஞாயித்துக்கிழமை சாயந்திரம். நான் சென்டர். நெட்பால் ஆடாதவங்களுக்குச் சொல்றேன், பந்தோட ஓட முடியாது, பிடிச்ச உடனே நிக்கணும், முதல்ல ஊனின கால தூக்கிட்டா பந்து கைய விட்டுப் போற வரைக்கும் அத மறுபடி கீழ வைக்கக் கூடாது. அப்படின்னா ஓடி வந்த வேகம் மொத்தத்தையும் ஒத்தக் காலு வாங்கணும். அன்னைக்கு இடது கால் ஊனுச்சு, உடம்பு திரும்புச்சு, முட்டி திரும்பல. கோழிக்கால முறிக்கிற மாதிரி ஒரு டப், பக்கத்துல நின்ன பொண்ணுக்கே கேட்டுச்சு. ஒரு மணி நேரத்துல முட்டி எங்க வீட்டு தீபாவளி பூரி மாதிரி உப்பிருச்சு.

அப்ப செஞ்ச முட்டாள்தனம், உருட் போடப் போனது. தைலம் போட்டு நல்லா அமுக்கி விட்டாங்க, உள்ள ரத்தம் கட்டியிருக்குற நேரத்துல அமுக்கினா வீக்கம் கூடும், கூடுச்சு. மூணு வாரம் கழிச்சு ஒரு வெள்ளி (ரிங்கிட்) குடுத்து அரசாங்க கிளினிக், அங்கேர்ந்து சுராட், அதாவது லெட்டர், வாங்கிட்டு ஆஸ்பத்திரி, எம்ஆர்ஐ. ஏசிஎல் முழுசா கிழிஞ்சிருக்குன்னாங்க. ஏசிஎல்ங்கிறது முட்டிக்குள்ள குறுக்கா போற கயிறு மாதிரி ஒரு தசைநார், கீழ் எலும்பு முன்னாடி நழுவாம, முறுக்கிக்காம பிடிச்சு வெச்சிருக்கும். ஒரே மாதிரி விளையாட்டுல ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு இது பல மடங்கு அதிகமா கிழியுது, அதனால நெட்பால் ஆடுற பொண்ணு வெச்சிருக்குறவங்க, குதிச்சு இறங்குறப்போ முட்டி உள்பக்கமா மடியுதான்னு கொஞ்சம் பாருங்க.

"ஆப்பரேசன் பண்ணி ஃபிசியோவும் போனா சரியாயிடும்ல, அப்புறம் எதுக்கு பிலாட்டீஸ்?"

இதுக்கு மட்டும் கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா என் கதையே இதுதான்.

தொடை பின்பக்கத்து நார எடுத்து புது ஏசிஎல் கட்டினாங்க. ஃபிசியோ போனேன், அவங்க நல்லாதான் சொல்லிக் குடுத்தாங்க, ஆனா அப்பாயின்மென்ட் வாரக்கணக்குல தள்ளித் தள்ளி கிடைக்கும், வீட்டுல செய்யச் சொன்னதுல பாதி நான் செய்யல, அது என் தப்பு. ஆறு மாசத்துல நடந்தேன், மோட்டோ ஓட்டினேன், பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு க்யூசி வேலைக்கு, அதாவது தரம் பாக்குற வேலைக்கு, போனேன். சரியாயிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டும் திரிஞ்சேன். அப்புறம் ஒரு நாள் குடும்பத்தோட தண்ணீர்மலை கோயில். 513 படி. ஏறினது ஒண்ணும் தெரியல. இறங்கும்போது அக்கா பையன், அஞ்சு வயசு, பின்னாடியே வந்தவன் கேட்டான், "சித்தி ஏன் பாப்பா மாதிரி எறங்குறீங்க?" அப்பத்தான் குனிஞ்சு பாத்தேன். ஒவ்வொரு படிக்கும் இடது கால முதல்ல கீழ வைக்கிறேன், அப்புறம் வலது கால அது பக்கத்துல கொண்டு வந்து வைக்கிறேன், திரும்ப இடது. படி இறங்குறப்போ மேல நிக்கிற காலுதான் மடங்கி உடம்ப மெதுவா இறக்கும். அந்த வேலைய ஒரு தடவை கூட இடது காலுக்கு நான் குடுக்கல. எனக்கே தெரியாம.

உடம்பு இப்படித்தான் டபாய்க்கும். வலிச்ச இடத்தச் சுத்திப் போக ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சிரும், வலி போனதுக்கு அப்புறமும் அதே குறுக்கு வழியிலயே போகும், நம்மகிட்ட சொல்லவும் சொல்லாது. அடுத்த தடவை ஃபிசியோகிட்ட இத சொன்னப்போ அவங்கதான், வீட்டுல செய்ய மாட்டேங்குற, காசு கட்டினாலாவது ஒழுங்கா போவ, ரிஃபார்மர் கிளாஸ் போய்ப் பாருன்னாங்க.

பினாங்குத் தீவுல ஒரு கடை வீட்டு மாடி, டீச்சர் ஒரு சீன அக்கா, அம்பது வயசுக்கு மேல இருக்கும். படுக்க வெச்சு, ரெண்டு பாதத்தையும் கம்பியில வெச்சு தள்ளச் சொன்னாங்க. நான் நல்லா தள்ளுறேன்னு நினைச்சுட்டு இருக்கேன், அவங்க என் காலையே பாக்கல. ரெண்டு இடுப்பெலும்பு மேலயும் ஒரு ஒரு விரல் வெச்சுட்டு வேற எங்கயோ பாத்துட்டு நிக்கிறாங்க. பத்து தடவை ஆனதும், வலது காலு தள்ளுது, இடது காலு கூட சும்மா சவாரி வருதுன்னாங்க. அப்புறம் இடது கால் மட்டும் வெச்சு தள்ளச் சொன்னாங்க. வண்டி பாதி தூரம் போச்சு, திரும்பி வரும்போது "டக்"னு போய் இடிச்சுது. வலது காலுக்கு அந்த சத்தமே இல்ல. ஆப்பரேசன் ஆகி பதினொரு மாசம், அந்த டக் சொன்ன மாதிரி யாரும் எனக்குப் புரிய வைக்கல.

ஆக பிலாட்டீஸ் என் முட்டிய குணப்படுத்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். கயிறு கட்டினது டாக்டர், தொடைக்கு பலம் வந்தது அப்புறம் ஜிம்முல வெயிட் தூக்கினதுல. நான் எங்க டபாய்க்கிறேன்னு காட்டிக் குடுத்தது பிலாட்டீஸ்.

"படுத்துக்கிட்டு தள்ளினா முட்டிக்கு எப்படி பலம் வரும் அக்கா?"

மேல சொன்ன அந்தத் தள்ளுறதுக்குப் பேரு ஃபுட்வொர்க். நின்னு உக்காந்தா உங்க முழு எடையும் முட்டி வாங்கணும், எழுபது கிலோன்னா எழுபது கிலோதான், குறைச்சுக் குடுன்னு கேக்க முடியாது. படுத்துக்கிட்டா ஸ்பிரிங் எவ்வளவோ அவ்வளவுதான் பாரம், ஒண்ணு கழட்டலாம், ஒண்ணு மாட்டலாம். குதிகால வெச்சு, விரல் பக்கத்த வெச்சு, ரெண்டு கால், ஒத்தக் கால்னு மாத்தி மாத்தி செய்வோம். தள்ளுறது பெருசில்ல, ஸ்பிரிங் இழுக்க இழுக்க விட்டுக் குடுத்துட்டே சத்தமில்லாம திரும்பி வர்றதுதான் கஷ்டம், படி இறங்குறதுக்கும் அதே தசை அதே வேலைதான்.

புதுசா வர்றவங்க எல்லாரும் ஏமாறுற இடம் ஒண்ணு உண்டு. ஸ்பிரிங் குறைஞ்சா சுலபம்னு நினைப்பாங்க. கால் தள்ளுறதுக்கு அது சரி. ஆனா வண்டி மேல மண்டி போட்டோ நின்னோ செய்யுறப்போ ஸ்பிரிங் குறைஞ்சா வண்டிய பிடிச்சு வைக்க ஆளில்ல, எல்லாத்தையும் உங்க வயிறுதான் பிடிக்கணும். "ஒரே ஒரு மஞ்ச ஸ்பிரிங்தானே"ன்னு ஏறின எத்தனையோ பேரு நடுங்கிட்டு நின்னத பாத்திருக்கேன். எங்க இடத்துல மஞ்ச லேசு, சிவப்பு கனம், வேற கம்பெனி மெசின்ல கலர் மாறும், அதனால வேற ஸ்டூடியோ போனா முதல்ல கேட்டுக்கோங்க.

"ஆப்பரேசன் ஆகி ரெண்டு மாசம், வலியே இல்ல, வரலாமா?"

டாக்டர் இல்லன்னா ஃபிசியோ சரின்னு சொல்லி, என்ன செய்யலாம் செய்யக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தா வாங்க. வலி இல்லங்கிறத நம்பாதீங்க. புதுசா கட்டின நார் உள்ள ஒட்டி உயிர் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கட்டத்துல பலம் குறையும், ஆறாவது வாரத்துலேர்ந்து பன்னெண்டாவது வாரம் வரைக்கும் அது ரொம்ப பலவீனமா இருக்குற நேரம். வீக்கம் வடிஞ்சு, வலி போய், ஆளு துள்ளிக்கிட்டு இருக்குறதும் சரியா அதே நேரம்தான்.

விளையாட்டுக்குத் திரும்புறது வேற கணக்கு. ஒம்போது மாசத்துக்கு முன்னாடி போறவங்களுக்கு மறுபடி அடிபடற வாய்ப்பு அதிகம், அதோட அடிபட்ட காலு நல்ல காலோட பலத்துல 90 சதவீதமாவது வந்திருக்கான்னு சோதிச்சுப் பாப்பாங்க. கெண்டக்கால் திடீர்னு வீங்கி வலிச்சாலோ, காய்ச்சலோட முட்டி சுட்டாலோ எனக்கு மெசேஜ் போடாதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

"எனக்கு முட்டி நல்லாருக்கு, ஸ்லிப் டிஸ்க். முதுகுவலிக்கு இதான் பெஸ்ட்னு எல்லாரும் சொல்றாங்களே?"

பெஸ்ட்னு சொல்றவங்ககிட்ட கொஞ்சம் ஜாக்கிரதை. நாள்பட்ட முதுகுவலிக்கு பிலாட்டீஸ் பத்தி வந்த ஆராய்ச்சிங்கள எல்லாம் சேத்து கோக்ரேன்னு மருத்துவ ஆராய்ச்சிங்கள அலசுற அமைப்பு 2015ல ஒரு அலசல் போட்டாங்க. சும்மா இருக்குறத விட இது வலியக் குறைக்குது, ஆனா மத்த உடற்பயிற்சிய விட இதுதான் உசத்தின்னு சொல்ல உறுதியான ஆதாரம் இல்லன்னு முடிச்சாங்க. ஆக நீங்க ஆசையா தொடர்ந்து போற எதுவா இருந்தாலும் சரி, நீச்சலா இருந்தாலும் நடையா இருந்தாலும்.

டிஸ்க் பிரச்சனைக்கு எல்லா பயிற்சியும் ஒத்துக்காது, குனிஞ்சு உருள்றது சிலருக்கு காலு வரைக்கும் இழுக்கும். வந்த உடனே டீச்சர்கிட்ட சொல்லுங்க, வெக்கப்பட்டுட்டு கடைசி மெசின்ல ஒளியாதீங்க. அதோட ஒண்ணு, உக்கார்ற இடம் மரத்துப் போறது, ஒண்ணுக்கு போறதுல கட்டுப்பாடு போறது, இதெல்லாம் வந்தா அன்னைக்கே எமர்ஜென்சி.

"வயசு 61, தரையில உக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும். என்னையெல்லாம் சேப்பீங்களா?"

வாங்கம்மா. ரிஃபார்மர் கட்டில் உயரம்தான், தரைக்கே போக வேணாம். எலும்பு அடர்த்தி குறைஞ்சிருக்கு, ஆஸ்டியோபோரோசிஸ்னு டாக்டர் சொல்லியிருந்தா மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க, முதுகு வளைச்சு உருள்ற பயிற்சி எதையும் உங்களுக்குத் தர மாட்டேன்.

"இதுல உடம்பு இளைக்குமா?"

பெருசா இல்ல. நாசி லெமாக்க பாதியா குறைச்சா இதவிட சீக்கிரம் இளைக்கும்.

"பொம்பளைங்க சமாச்சாரம் தானே? என் மகன் ஃபுட்பால் ஆடுறான், அவன அனுப்பினா சிரிப்பானுங்க"

ஆரம்பிச்சு வெச்சவரே பாக்சிங் ஆடின ஆம்பளை, மேல சொல்லியிருக்கேன். அனுப்புங்க, முதல் கிளாஸ்ல ஹன்ட்ரட் செய்யச் சொல்லுவேன். தலையத் தூக்கி, கால நீட்டி, கைய மேலயும் கீழயும் நூறு தடவை, அஞ்சு எண்ணிக்கைக்கு மூச்சு உள்ள, அஞ்சு எண்ணிக்கைக்கு வெளிய. நாப்பதுல சிரிப்பு நிக்கும்.

"ஒரு கிளாஸுக்கு இவ்வளவா? யூடியூப் பாத்து வீட்டுல செய்யக் கூடாதா?"

தாராளமா செய்யலாம், பாய்ல செய்யுற பயிற்சிக்கு ஒரு பாயும் ஃபேனும் போதும். மெசின் கிளாஸ் விலைக்குக் காரணம் மெசின் விலை, அது பிடிக்கிற இடம், அதோட ஒரு நேரத்துக்கு ஆறு ஏழு பேருக்கு மேல ஒழுங்கா கவனிக்க முடியாது. பதினஞ்சு மெசின் போட்டு, பாட்டு சத்தமா வெச்சு, ஒரு டீச்சர் மைக்ல கத்துற இடமும் இருக்கு. அடிபட்டவங்க அங்க போகாதீங்கங்கிறது என் அபிப்பிராயம், அந்த சத்தத்துல உங்க வண்டி டக்குனு இடிக்கிறது யாருக்குக் கேக்கும்?

கையில காசு கம்மின்னா ரெண்டு மூணு தனி கிளாஸ் எடுத்து, எங்க டபாய்க்கிறீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு, மிச்சத்த வீட்டுல செய்யுங்க. யூடியூப்காரர் உங்களப் பாக்க முடியாதுங்கிறது ஒண்ணுதான் அதுல குறை.

"டீச்சர் ஆகணும்னா என்ன படிக்கணும் அக்கா, எஸ்பிஎம் போதுமா?"

எஸ்பிஎம், அதாவது அஞ்சாம் படிவப் பரீட்சை, சேர்றதுக்குப் போதும், பல இடத்துல டிகிரி கேக்குறதில்ல. ஆனா உள்ள போனா உடற்கூறு படிக்கணும், எலும்பு பேரு தசை பேரு எல்லாம், எனக்கு எஸ்பிஎம்ல பயோலஜி கிடையாது, நாக்கு தள்ளிருச்சு.

இங்க ஒரு சூட்சுமம் இருக்கு. 2000ல நியூயார்க் கோர்ட்டு ஒண்ணு, பிலாட்டீஸ்ங்கிறது யாரோட டிரேட்மார்க்கும் இல்ல, யோகா கராத்தே மாதிரி பொதுப் பேருன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. நல்லது என்னன்னா உலகம் பூரா பரவுச்சு. கெட்டது என்னன்னா ஒரு வீக்கென்ட் கோர்ஸ் போனவங்களும் டீச்சர், ரெண்டு வருஷம் படிச்சவங்களும் டீச்சர். சேர்றதுக்கு முன்னாடி மணிக்கணக்கு கேளுங்க. பாய் மட்டுமா, ரிஃபார்மர் மட்டுமா, இல்ல காடிலாக், சேர், பேரல்னு எல்லா மெசினும் சேத்தா? முழு படிப்புன்னா 450 மணி நேரத்துக்கு கிட்டயோ மேலயோ இருக்கும், அமெரிக்காவுல தேசிய சான்றிதழ் பரீட்சை எழுத அவங்க கேக்குறதும் 450தான். ஸ்டாட், பாசி, போல்ஸ்டார், பேலன்ஸ்ட் பாடி இதெல்லாம் பல நாட்டுல தெரிஞ்ச பேருங்க. எது நல்லதுன்னு கேட்டா, அதுல படிச்ச டீச்சர்கிட்ட நாலு கிளாஸ் போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னுதான் சொல்லுவேன்.

"450 மணி நேரமா? அவ்வளவு நேரம் என்னதான் பண்ணுவீங்க?"

வகுப்புல உக்கார்றது அதுல கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மத்த டீச்சர் எடுக்குறத ஓரமா உக்காந்து பாக்குறது, நீங்களே செஞ்சு பழகுறது, அப்புறம் காசு வாங்காம ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுத்து மணி கணக்கு எழுதுறது. எனக்கு வகுப்பு கோலாலம்பூர்ல. வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு பட்டர்வொர்த் ஸ்டேஷன்ல ஈடிஎஸ் ரயில் ஏறினா நாலு மணி நேரத்துக்கு மேல, பிரிக்ஃபீல்ட்ஸ் அத்தை வீட்டுல ரெண்டு ராத்திரி, ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்ப வந்து திங்கக்கிழமை காலையில ஃபேக்டரி. ரெண்டு வருஷ போனஸும் அதுலயே போச்சு.

சொல்லிக் குடுத்துப் பழக ஆள் வேணுமே, அம்மாவ ஹால்ல படுக்க வெச்சேன். "இடுப்ப நியூட்ரல்ல வைங்கம்மா"ன்னேன். "காடியாடி நானு, நியூட்ரல் கியர்ல போட?"ன்னாங்க. அன்னைக்குத்தான் புரிஞ்சுது, நான் படிச்ச ஒரு வார்த்தை கூட எங்க வீட்டுக்குள்ள செல்லாதுன்னு. அப்புறம் யோசிச்சு, "குடம் தூக்கினா, பிள்ளைய இடுப்புல வெச்சா உக்காருமே, அந்த எலும்பு ரெண்டும், கீழ நடு எலும்பும் ஒரே மட்டத்துல இருக்கட்டும், வயித்து மேல தே தாரிக் கிளாஸ் வெச்சா சிந்தக் கூடாது"ன்னேன், டக்குனு சரியா வெச்சாங்க. அடிவயித்த உள்ள இழுக்குறதுக்கு கோர்ஸ்ல ஜீன்ஸ் சிப் போடுற மாதிரின்னு சொல்லச் சொன்னாங்க. அம்மா ஜீன்ஸ் போட்டதே இல்ல. "பாவாடை நாடா கட்டுறப்போ இழுப்பீங்கல்ல, நாடா முடிச்சு போடுறதுக்கு சரியா முன்னாடி"ன்னேன். இன்னைக்கும் தமிழ் ஆன்ட்டிங்களுக்கு அந்த நாடாதான் சொல்றேன், சிரிச்சுட்டே சரியா செய்வாங்க, சிரிச்சா அந்த தசை தானா வேலை செய்யும்ங்கிறது வேற.

"சம்பளம் எப்படி? வேலைய விட்டுட்டு வரலாமா?"

உடனே விடாதீங்க. கிளாஸ் எடுத்தா காசு, எடுக்கலன்னா இல்ல. எனக்கு முதல்ல ஒரு குரூப் கிளாஸுக்கு 50 வெள்ளி, வாரத்துக்கு நாலு கிளாஸ், பெட்ரோலுக்கும் டோலுக்கும் போச்சு. ஒன்றரை வருஷம் ஃபேக்டரியும் இதுவுமா ஓட்டினேன். சீனப் பெருநாள், தீபாவளி, பள்ளி லீவு வந்தா ஸ்டூடியோ காலி, அந்த மாசம் கைய பிசைஞ்சுட்டு உக்காரணும். உங்களுக்கு காய்ச்சல்னா எம்சிக்கு, அதாவது மருத்துவ லீவுக்கு, யாரும் காசு தர மாட்டாங்க.

முழு நேரமா வந்தா ரெண்டு வேலைய முதல் மாசமே செய்யுங்க: ஈபிஎஃப்ல (சேமநிதி) ஐ-சாரான்னு சொந்தமா பணம் போடுற திட்டத்துல சேந்து கொஞ்சமாவது போடுங்க, பெர்கேசோவுல (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சொந்தத் தொழில் பண்றவங்களுக்கான திட்டத்துல சேருங்க. முட்டி போறது எப்படின்னு எனக்குத் தெரியும், அதனால சொல்றேன்.

"ஃபிசியோவும் நீங்களும் ஒண்ணுதானே, என் முட்டியக் கொஞ்சம் அமுக்கிப் பாத்து என்னன்னு சொல்லுங்களேன்"

ஒண்ணு இல்ல, சொல்லவும் மாட்டேன். மலேசியாவுல ஃபிசியோங்கிறது 2016ல வந்த துணை மருத்துவத் தொழில் சட்டம், அதாவது சட்டம் 774க்குக் கீழ வர்ற தொழில், டிப்ளோமாவோ டிகிரியோ முடிச்சு பதிவு பண்ணினவங்கதான் அந்தப் பேரச் சொல்லிக்கலாம். நான் அசைவு பாக்குற ஆளு, நோய் கண்டுபிடிக்கிற ஆளு இல்ல. "இடது பக்கம் கம்மியா தள்ளுறீங்க"ன்னு சொல்லலாம், "உங்களுக்கு ஜவ்வு கிழிஞ்சிருக்கு"ன்னு சொல்லக் கூடாது.

கிளாஸ் நடுவுல வலிக்குதுன்னா நிறுத்துவேன், ஸ்பிரிங் மாத்துவேன், வேற விதமா வெச்சுப் பாப்பேன், அப்பவும் வலிச்சா அன்னைக்கு அந்தக் காலுக்கு லீவு, அடுத்த வாரமும் அப்படியேன்னா ஃபிசியோகிட்ட அனுப்பிடுவேன். இதுல ரெண்டு மூணு பேரு கோச்சுக்கிட்டு வேற டீச்சர்கிட்ட போயிட்டாங்க, போகட்டும்.

"அடிபட்டவங்கதான் நல்ல டீச்சரா வருவாங்களாமே? எனக்கு எந்த அடியும் படலையே"

படாமயே இருக்கட்டும். அடிபட்டதுனால எனக்கு ஒண்ணு தெரியும், படிய முன்னாடி பாத்ததும் வர்ற பயம். அத சொல்லாமலே ஒருத்தர் மூஞ்சியில கண்டுபிடிச்சிருவேன். ஆனா அதே அடி என் கண்ண மறைக்கவும் செஞ்சிருக்கு. முதல் வருஷம் ஒரு அண்ணன் வந்தாரு, பேட்மின்டன் ஆளு, முட்டி வலின்னாரு. எனக்கு எது உதவிச்சோ அது எல்லாத்தையும் அவருக்குக் குடுத்தேன், ஒத்தக் கால் ஃபுட்வொர்க், மெதுவா, சத்தமில்லாம, எட்டு வாரம். கொஞ்சமும் மாறல. பாவம் மரியாதைக்கு வந்துட்டே இருந்தாரு. அப்புறம் ஃபிசியோ ஒருத்தர் பாத்து, பிரச்சனை இடுப்பு மூட்டுல, வலிதான் முட்டிக்கு இறங்குதுன்னாங்க. இடுப்பு மூட்டுலேர்ந்து முட்டிக்கு வலி வர்றது புதுசில்ல, நானும் படிச்ச விஷயம்தான். அந்த எட்டு வாரமும் அவரு காலுல என் முட்டியத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன். அடுத்த மாசக் காச அவருகிட்ட வாங்கல.

"திரும்ப நெட்பால் ஆடுனீங்களா?"

ஆடினேன், பதினாறாவது மாசம். சென்டர் இல்ல, கோல் கீப்பர், ஓட்டம் கம்மி. ரெண்டு சீசன் ஆடிட்டு நானே விட்டுட்டேன், முட்டிக்கு ஒண்ணும் ஆகல, சனி ஞாயிறுல கிளாஸ் எடுத்தா காசு.

"முட்டி ஆப்பரேசன் பண்ணவங்க தைப்பூசத்துக்கு காவடி எடுக்கலாமா? நேந்துக்கிட்டேன் அக்கா"

வருஷா வருஷம் ஜனவரில வர்ற கேள்வி. வேண்டுதல்ல நான் தலையிட மாட்டேன், படியப் பத்தி மட்டும் சொல்றேன். ஆறாவது கேள்வில சொன்ன ஒம்போது மாசம் இதுக்கும் பொருந்தும், டாக்டர்கிட்ட "நடக்கலாமா"ன்னு கேக்காதீங்க, "பாரத்தோட, செருப்பில்லாம, பல மணி நேரம் நடந்து 513 படி ஏறி இறங்கலாமா"ன்னு முழுசா கேளுங்க. பத்துமலைன்னா 272ன்னு சொல்லுங்க.

மூணு மாசம் முன்னாடியே பழகணும். வீட்டு வாசப்படில அடிபட்ட கால் மேல, நல்ல காலு குதிகால் மட்டும் கீழ தொட்டுட்டு மேல வரணும், முட்டி உள்பக்கம் சாயக் கூடாது, கண்ணாடி முன்னாடி செய்யுங்க. பத்து தடவை ஆடாம அசையாம வந்தா கையில அரிசிப் பை பிடிச்சுக்கிட்டு செய்யுங்க. அது வரலன்னா இந்த வருஷம் காவடி வேணாம், பால்குடம் எடுங்க. ஏறுறப்போ தசைக்கு மூச்சு வாங்கும் அவ்வளவுதான், முட்டிக்கு அடி விழறது இறங்குறப்போ, பால்குடம்னா அபிஷேகம் ஆயி இறங்கும்போது குடம் காலியாத்தானே இருக்கும்.